அரை மாத்திரை

முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னது, தொலைக்காட்சியின் ஒலிக்காக நான் வாங்கிய ரிசீவர். அதன் கட்டளைகள் தொலைக்காட்சித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மைக்கைச் செருகவும். வழக்கமாக உட்காரும் இடத்தில், காது மட்டத்தில் வைக்கவும். வீட்டில் அமைதி இருக்கட்டும். சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அந்த வேளையில் திண்டுக்கல் சமவெளியில் விசிறியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. நிறுத்தினேன். ஃப்ரிட்ஜையும் அணைத்தேன். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா வந்து நிலைப்படியில் நின்றார். அப்பா சுவரோரம் தன் நாற்காலியில் இருந்தார். அவரிடம் மட்டும் நான் அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. அவர் எப்போதும் அமைதியாகத்தான் இருப்பார்.

கருவி ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி எழுப்பிப் பார்த்தது. இடப்பக்கம் ஒரு சீறல், நடுவில் ஒரு சீறல், வலப்பக்கம், பிறகு முதுகுக்குப் பின்னால் இரண்டு. கடைசியில் சப்வூஃபர் உறுமியபோது அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. வெளியே தாடிக்கொம்புச் சாலையில் ஒரு லாரி போய் ஓயும்வரை காத்திருந்து இன்னொரு முறை அளக்கச் செய்தேன். சில நிமிடங்களில் திரையில் அட்டவணை வந்தது.

அந்த அட்டவணையை முதல்முறை பார்க்கிற எவருக்கும் மரியாதை தோன்றும். இடது ஸ்பீக்கர் 2.7 மீட்டர், வலது 2.9, நடு 2.6 என்று எழுதியிருந்தது. நான் நாடாவை வைத்து அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 34 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி ஒரு மில்லி செகண்ட் பிந்தி வரும். ரிசீவர் இந்தத் தொலைவுகளைக் கணக்கிட்டு, அருகில் இருப்பதைச் சற்றே நிறுத்திவைத்து, தொலைவில் இருப்பதை முன்னே போகவிட்டு, எல்லா ஒலியும் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்கிறது. எது ஓங்கி ஒலிக்கிறதோ அதைக் குறைக்கிறது. எது மெலிந்திருக்கிறதோ அதைக் கூட்டுகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளைச் சிறிய ஸ்பீக்கர்களின் தோளிலிருந்து இறக்கி, சப்வூஃபரிடம் ஒப்படைக்கிறது. பல வாய்கள் பேசும் ஒரு வீட்டில் ஒவ்வொருவர் பேச்சும் உரிய நேரத்தில் உரிய அளவில் கேட்கும்படி செய்கிற மூத்தவரின் வேலை அது.

அன்று இரவு ஒரு படம் போட்டோம். மழை பின்னாலிருந்து வந்தது. கதவு சாத்தும் ஓசை சாத்திய பக்கத்திலிருந்தே வந்தது. நான் ஆசையோடு அப்பா பக்கம் திரும்பினேன். நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: “சத்தம் நல்லாருக்குப்பா. பேச்சுதான் வெளங்கல.”

வால்யூமைக் கூட்டினேன். டம்ளர்கள் மறுபடி நடுங்கின. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். அது சரி என்பதற்கான ஆட்டலா, போதும் என்பதற்கான ஆட்டலா என்று தெரியவில்லை. மறுநாள் காலை அவர் சொன்னதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. “முன்னாடி நியூஸாவது வெளங்கும். இப்ப அதுவும் வெளங்க மாட்டேங்குது.”

பழைய தொலைக்காட்சியின் முதுகில் இருந்த உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் விளங்கிய செய்தி, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்து சொல்லும்போது விளங்கவில்லை. அளந்து வைத்ததில் எந்தப் பிழையும் இல்லை. அளவு சரி, ஆனால் அவருக்குச் சென்று சேரவில்லை. இந்த இடைவெளியைத்தான் அதன்பின் பல வாரங்கள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா முப்பது ஆண்டுகள் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடராக இருந்தவர். நூல் சுற்றும் ரிங் ஃப்ரேம் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த இழைகளை விரல்நுனியால் பிணைத்துப் போவது சைடரின் வேலை. நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும் கூடம் அது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒருவர் நிற்கலாம் என்று நம் நாட்டு விதிகள் வைத்திருக்கும் மேல்வரம்பு 90 டெசிபல். காதில் பஞ்சைத் திரித்து அடைத்துக்கொண்டு வேலை பார்த்த தலைமுறை அவருடையது. அங்கே யாரும் பேசிக் கேட்க முடியாது. கையால் சொல்வார்கள், உதட்டைப் பார்ப்பார்கள். தேநீர் வேண்டுமா, எத்தனாவது ஃப்ரேம், மகளுக்கு என்ன வரன் வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த இரைச்சலில் உதட்டிலிருந்து கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மில்லில் இருந்தவர்கள் வெளியே வந்தபிறகும் எதிரில் இருப்பவரின் வாயையே பார்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் கண்டதுதான். கண்டிருக்கிறோம், கவனித்ததில்லை.

நீண்ட நாள் இரைச்சல் காதை ஒரேயடியாக மூடுவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய, கூரிய ஒலிகளை எடுத்துக்கொள்கிறது. வயது அதற்கு மேலே இருப்பதையும் சிறிது சிறிதாக எடுக்கிறது. கீழே இருக்கும் கனத்த ஒலிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே அவருக்குப் பேருந்தின் ஹாரன் கேட்கும், கோயில் மேளம் கேட்கும், யாரோ பேசுகிறார்கள் என்பதும் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் நழுவிவிடும்.

இதைத் தமிழில் சொல்வது எளிது. நம் இலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்துவைத்திருக்கிறது. அ, ஆ, இ, ஈ என்று குரலாக நீள்கிற உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளில் இருக்கிறது. ச், ட், த், ப் என்று சட்டென வெடித்து மறைகிற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற நுட்பம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெலிந்த அளவில் இருக்கிறது. காது தேயும்போது உயிர் நிற்கிறது, மெய் போகிறது. ‘காத்து’, ‘பாத்து’, ‘சாத்து’ மூன்றும் ‘ஆ...உ’ என்று ஒரே உருவமாகிவிடுகின்றன. வால்யூமைக் கூட்டினால் என்ன கூடும்? ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் உயிரொலிதான் இன்னும் ஓங்கும்; அந்த ஓங்கலில், எஞ்சியிருந்த மெய்யும் மூழ்கும். காது மந்தமானவரிடம் கத்திப் பேசுகிற ஒவ்வொருவரும் செய்வது இதைத்தான். கத்தலைக் கேட்டு அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, ‘சொன்னாலும் கோபப்படுகிறார்’ என்று வருந்துகிறோம்.

மெய்யெழுத்துக்குத் தொல்காப்பியம் தரும் காலம் அரை மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். இன்றைய கருவிகளால் அளந்தால் ஓர் இமைப்பு ஏறத்தாழ 100 முதல் 400 மில்லி செகண்ட் வரை வரும். அதில் பாதி அரை மாத்திரை. சொல்லின் பொருளைத் தீர்மானிக்கிற மெய், இவ்வளவு சிறிய காலத்துக்குள் வந்து போய்விடுகிறது. அதைப் பிடிப்பதற்குக் காது தவறும்போது, கண் உதவிக்கு வரவேண்டியிருக்கிறது.

கண் எப்படி உதவும் என்பதையும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்கியிருக்கிறது. ப, ம இரண்டும் இதழ்கள் ஒன்றுசேரப் பிறப்பவை. வ என்பது மேற்பல் கீழிதழைத் தொடப் பிறப்பது. உ, ஊ, ஒ, ஓ வரும்போது இதழ் குவிகிறது. இவையெல்லாம் வெளியே தெரிபவை. க என்பது நாவின் அடியில் பிறப்பதால் பார்க்கிறவனுக்குத் தெரியாது. காதுக்கு ஒன்றுபோல ஆகிவிட்ட ‘காத்து’வும் ‘பாத்து’வும் கண்ணுக்கு வேறு வேறு. ஒன்றில் உதடு மூடித் திறக்கிறது. மற்றதில் மூடவே இல்லை. ‘பாட்டு’, ‘மாட்டு’ இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ம என்னும்போது மூக்கில் ஒரு முனகல் காதுக்கு எட்டும். ஒன்றை மற்றது இட்டு நிரப்புகிறது. காதும் கண்ணும் பாதிப் பாதி கொண்டுவந்து கொடுக்க, மூளை அதை ஒரு சொல்லாகப் பிணைக்கிறது. அறுந்த இழையின் இரு நுனிகளைச் சைடரின் விரல்கள் பிணைப்பதுபோல.

காது நன்றாக இருப்பவர்களுக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள். ‘ப’ என்ற ஒலியை, ‘க’ என்று சொல்லும் வாயின் படத்தோடு சேர்த்துப் போட்டால், பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்பது இரண்டுமில்லாத ‘த’ போன்ற மூன்றாவது ஒலி. கண்ணை மூடிக்கொண்டால் மறுபடி ‘ப’ என்றே கேட்கும். நாம் எல்லோரும் கொஞ்சம் கண்ணாலும்தான் கேட்கிறோம். அப்பா சற்று அதிகமாக.

இதை உணர்ந்த அன்று, செய்தி ஏன் விளங்கவில்லை என்பதும் புரிந்தது. செய்தி வாசிப்பவர் நேரே நம் முகத்தைப் பார்க்கிறார். வெளிச்சம் அவர் முகத்தில் நிறைந்து விழுகிறது. தலை அதிகம் அசைவதில்லை. அப்பாவுக்கு அது அச்சிட்ட பக்கம் போல. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக அவருக்கு நாடகம் விளங்காவிட்டாலும் செய்தி விளங்கிவந்தது. இந்தியிலிருந்து மொழிமாற்றம் செய்த தொடர்கள் ஓடினால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். உதடு ஒன்றைச் சொல்ல, ஒலி வேறொன்றைச் சொல்கிற இடத்தில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? இப்போது நான் வாங்கிவைத்த கருவி, அவருக்கு மிச்சமிருந்த செய்தியையும் மொழிமாற்றத் தொடர்போல ஆக்கியிருந்தது.

காரணம் படத்தில் இருந்தது. இக்காலத் தொலைக்காட்சிகள் வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தைத் தூக்கி, ஓரங்களைக் கூராக்கி, இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படத்தைத் தானே வரைந்து சேர்த்து, அசைவை வழவழப்பாக்கிக் காட்டுகின்றன. கடையில் பத்துத் திரைகள் வரிசையாக எரியும் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்கென்று வைத்த அமைப்பு அது. அதே அமைப்பில்தான் பெட்டி வீட்டுக்கும் வருகிறது. பலர் கடைசிவரை மாற்றுவதே இல்லை. இவ்வளவு ஒப்பனைக்கும் நேரம் பிடிக்கிறது. படம் ஒப்பனை முடித்து வருவதற்குள், ரிசீவர் வழியாக நேரே போன ஒலி முன்னால் போய்விடுகிறது.

இயற்கையில் அப்படி நடப்பதில்லை. சிறுமலை மேல் மின்னல் தெரிந்த பிறகுதான் இடி கேட்கும். தொலைவில் துணி துவைப்பவர் ஓங்கிய கை கல்லில் பட்டு மீண்ட பிறகுதான் ஓசை வரும். ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று நம் உடம்பு பழகியிருக்கிறது. ஆகவே ஒலி சற்றுப் பிந்தினால் மன்னித்துவிடுகிறோம். முந்தினால் உடனே உறுத்துகிறது. ஒலிபரப்புக்கான உலக அளவுகோல் இதை எண்களாகவே வைத்திருக்கிறது. ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். பிந்துவதானால் 125 மில்லி செகண்ட் வரை தெரியாது. இரண்டு எண்களும் அரை மாத்திரை என்ற அந்தச் சிறிய காலத்துக்குள்ளேயே அடங்குகின்றன என்று கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓலையில் எழுதியவர்கள் இமைப்பை வைத்து அளந்ததும், இன்று கருவியை வைத்து அளப்பதும் மனிதனின் ஒரே எல்லையைத்தான்.

இது புரிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இந்தமுறை மைக்கை அப்பாவின் நாற்காலியில் வைத்தேன்.

அந்த ஒரு செயலில்தான் என் தவறு முழுவதும் எனக்குத் தெரிந்தது. வழக்கமாக உட்காரும் இடத்தில் வை என்று கருவி சொன்னபோது, யோசிக்காமல் நான் உட்காரும் இடத்தில் வைத்திருந்தேன். சில ரிசீவர்கள் எட்டு இடங்கள் வரை அளந்துகொள்ளும். ஆனாலும் தொலைவும் ஒலி அளவும் முதலில் மைக் வைத்த இடத்தைக் கொண்டுதான் தீர்மானமாகும். அந்த முதல் இடம் என்னுடையது என்பதை யாரிடமும் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவருடைய நாற்காலியில் மைக்கை வைத்துக் குனிந்தபோது, பின்பக்க ஸ்பீக்கர் ஒன்று அவர் காதிலிருந்து ஒரு முழத்தொலைவில் இருப்பதைப் பார்த்தேன். என்னை மகிழ்வித்த மழை அத்தனை நாளும் அவர் காதுக்குள் பெய்து, பேச்சை மறைத்திருக்கிறது. சுவரை ஒட்டிய இடத்தில் கனத்த ஒலிகள் பெருகும், அதுவும் சேர்ந்துகொண்டது.

நாற்காலியைச் சுவரைவிட்டு முன்னே இழுத்தேன். அந்த ஸ்பீக்கரை உயரத்துக்கு ஏற்றினேன். படங்களில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை மட்டும் மூன்று டெசிபல் கூட்டினேன். சப்வூஃபரைக் குறைத்தேன். மெல்லிய ஒலியைச் சற்று உயர்த்தி ஓங்கிய ஒலியைச் சற்று அடக்குகிற, இரவில் பார்ப்பவர்களுக்கென்று வைத்த அமைப்பைப் பகலிலும் போட்டேன். மொசைக் தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பியடிக்கிற கூடம் எங்களுடையது; பேசிய சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழும். 1895இல் ஹார்வர்டில், பேச்சே விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொன்னபோது வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. நானும் பரணிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையை இறக்கிப் பின்சுவரில் சாத்தி, மேலே ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். அப்பாவின் காதை எடுத்துக்கொண்டது பஞ்சாலை. அவருக்காகக் கூடத்தை அடக்கிக் கொடுத்தது பஞ்சு.

பிறகு படத்துக்கு வந்தேன். பளிச்சென்ற அமைப்பை எடுத்துவிட்டுத் திரைப்படத்துக்கான அமைப்பைப் போட்டேன். இல்லாத அசைவை வரைந்து சேர்ப்பதை நிறுத்தினேன். திரை ஒரு நொடி மங்கினாற்போல் இருந்தது. கண் பழகியதும் முகங்கள் முகங்களாகத் தெரிந்தன. நெற்றியில் வியர்வையும், பேசும்போது கன்னம் அசைவதும் தெரிந்தன.

கடைசியாக ஒலியைப் பிந்தவைக்கும் அமைப்பு. பூஜ்யத்தில் தொடங்கிப் பத்துப் பத்து மில்லி செகண்டாகக் கூட்டலாம். இதற்கு மைக் உதவாது. மைக்குக்குக் கண் இல்லை. செய்தி அலைவரிசையைப் போட்டுவிட்டு, ரிமோட்டை அப்பா கையில் கொடுத்து எந்த விசை என்று காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சற்று முன்னே சாய்ந்தார். அந்தச் சாய்வை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சிறுவனாக, மில் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும்போது, யாராவது ஏதாவது சொன்னால் அப்படித்தான் சாய்வார். இருபது. முப்பது. அறுபதில் நிறுத்தி யோசித்தார். எழுபது. எண்பதுக்குப் போய், மறுபடி எழுபதுக்கு வந்தார். இழை பிணைந்ததா என்று விரலால் தடவிப் பார்க்கிறவரின் முகம். “இந்தா, இப்ப சரி” என்றார். செய்தி வாசிப்பவர் அணை நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அந்த அடிக்கணக்கைத் தனக்குள் திரும்பச் சொன்னார்.

எனக்கு அறுபதும் எழுபதும் ஒன்றாகவே தெரிந்தன. என் காது நல்ல காது. அது இந்த அளவுக்குப் பார்க்கக் கற்றதில்லை.

அன்றிரவு ஒரு பழைய நினைவு வந்தது. எங்கள் ஊரான அகரத்திலிருந்து குடகனாற்றங்கரையில் இருக்கும் தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் கூப்பிடு தூரம். அங்கே முன்மண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் இருக்கின்றன. விடுமுறை நாளில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். இரணியனை மடியில் கிடத்தியிருக்கும் நரசிம்மருக்கு முன்னால் நின்று, ஒன்றும் சொல்லாமல், என் இரண்டு தோளையும் பிடித்து ஓரடி இடப்பக்கம் நகர்த்துவார். அதுவரை முகத்தில் கிடந்த தூணின் நிழல் விலகி, பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணும் பல்லும் எழுந்து வரும். விளக்கம் எதுவும் அவர் சொன்னதில்லை. நகர்த்திவிட்டு, இப்போது பார் என்று மோவாயால் காட்டுவார். அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் இருக்கின்றன. 24 பெருவிரல் அளவு கொண்ட மூங்கில் கோலால் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். இத்தனை அளவும் சொன்ன இளங்கோ, தூண்களின் நிழல் படாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறார். கூரையைத் தாங்குவதால் தூணை எடுக்க முடியாது. தூண் இருக்கும்வரை நிழலும் இருக்கும். நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் விளக்கைப் பிடித்திருப்பவர் தீர்மானிக்கலாம். அது ஆடுகிறவளின் முகத்தில் விழக்கூடாது. பார்க்கிறவரின் மேலும் விழக்கூடாது. ஒளியமைப்பு, ஒலியமைப்பு என்று இன்று நாம் செய்வதெல்லாம் அந்த ஒரு விளக்கை நகர்த்திய கையின் தொடர்ச்சி.

அப்பாவின் காது அப்படி ஒரு தூண். அது இந்த வீட்டைத் தாங்கியது. அந்த இரைச்சலில் முப்பது ஆண்டுகள் நின்றதால்தான் நான் படித்தேன், இந்தக் கூடம் எழுந்தது, இந்தக் கருவியும் வந்தது. அந்த நிழலை அவர்மேலேயே விழவிட்டுவிட்டு, ‘அவருக்குக் காது கேட்காது’ என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு என் கையில் இருந்தது.

இப்படி நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வழக்கம்போலச் சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து அவரிடம் ஏதோ சொன்னேன். “என்னது?” என்றார். சற்று உரக்கச் சொன்னேன். மறுபடி “என்னது?” அப்போதுதான் உணர்ந்தேன். வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் முகம் அவருக்கு இருட்டு. நான் எத்தனை ஆண்டுகளாக அந்த இடத்தில் உட்கார்கிறேன்? எத்தனை முறை அடுப்படியிலிருந்து, வண்டியின் முன்னிருக்கையிலிருந்து, செல்பேசியைப் பார்த்துக்கொண்டே குனிந்து, அவரிடம் பேசியிருக்கிறேன்? நான் கொடுத்ததெல்லாம் உயிரொலி மட்டும். மெய்யை என் முகத்தோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டுவிட்டேன். அவர் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. ‘என்னது’ என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை தலையை ஆட்டிவிடுவார். அந்த ஆட்டலைப் புரிந்ததன் அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன்.

மெய்யெழுத்துத் தனியாக ஒலிக்காது, அகரத்தின் துணையோடுதான் அது இயங்கும் என்பது தொல்காப்பியர் வகுத்தது. அகரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த இலக்கணத்தின் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. தனியாக வெளிவர முடியாத ஒன்றின் பக்கத்தில் போய் நின்று கொடுப்பதுதான் முதலெழுத்தாக இருப்பதன் பெருமை. ஓர் ஒலி நிறைவடைவது கிளம்பிய இடத்தில் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில். மைக்கை அங்கேதான் வைக்க வேண்டும். எத்தனை டெசிபல், எத்தனை மில்லி செகண்ட் என்பதெல்லாம் அங்கிருந்து அளக்கும்போதுதான் பொருள்படும். அன்பும் அப்படி அளந்தே வைக்கப்பட வேண்டிய ஒன்று. நிறைய இருந்தால் போதாது. அவருக்கு எட்டும் அளவில், எட்டும் நேரத்தில், எட்டும் முகத்தோடு இருக்க வேண்டும்.

என் நாற்காலியைத் தூக்கிக் கூடத்தின் மறுபக்கம் போட்டேன். சன்னல் இப்போது எனக்கு எதிரில். காலை வெயில் என் முகத்தில் நேராக விழுந்து கண் கூசியது. கூசட்டும் என்று உட்கார்ந்து, அவர் என்னைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். பார்த்தார். சற்று முன்னே சாய்ந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டேன்: “அப்பா, சாயங்காலம் தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போய்ட்டு வருவமா?”

“போலாம்ப்பா” என்றார். “வெயில் தாழட்டும். அப்பத்தான் நரசிம்மர் முகத்துல வெளிச்சம் விழும்.”